மலைப்பூண்டு வேரும் மருந்துச் சீட்டும்: புற்றுநோய் பரவும்போது செல் பிரிதலில் என்ன மாறுகிறது?

போன மாதம் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுத் தம்பி மருந்துச் சீட்டோடு வந்து நின்றார். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பதால் ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். டாக்டர் சொன்னதை நான் மாற்றிச் சொல்வதில்லை. அதில் உள்ள வார்த்தைகளுக்கு அர்த்தம் மட்டும் சொல்வேன்.

தம்பியின் அக்காவுக்கு ஆறு வருடத்துக்கு முன்பு மார்பகப் புற்றுநோய். மதுரையில் ஆபரேஷன், ஊசி, கரண்டு (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து, பூண்டுக்காட்டில் களையெடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். இப்போது இடுப்பில் வலி. ஸ்கேனில் எலும்புக்குப் பரவியிருப்பது தெரிந்தது.

“வந்திருக்கிறது எலும்புல. மருந்து மட்டும் மார்பகப் புற்றுநோய்க்கு எழுதியிருக்காங்களே, ஏன் சார்? எலும்புல மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்கணும்னு சொல்றாங்க. குத்தினா இன்னும் பரவாதா? ஆறு வருசம் அது எங்கே இருந்துச்சு? புற்றுநோய்னா செல் வேகமாப் பெருகறதுதானே. அப்போ பரவினது அதைவிட வேகமாப் பெருகற செல்லா?”

நாலு கேள்விகளும் நியாயமானவை. கடைசிக் கேள்வியில் இருக்கிற தவறான படம்தான் மற்ற மூன்றையும் குழப்புகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேகம்தான் நோயா?

‘செல்கள் கட்டுப்பாடில்லாமல் வேகமாகப் பெருகுவதே புற்றுநோய்’ என்று எங்கும் எழுதுகிறார்கள். ‘கட்டுப்பாடில்லாமல்’ என்பது சரி. ‘வேகமாக’ என்பதில்தான் சிக்கல்.

நம் எலும்பு மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. குடலின் உட்படலம் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. பல புற்றுக்கட்டிகள் இவற்றைவிட மெதுவாகத்தான் வளர்கின்றன. கீமோதெரபி ஊசி போட்டால் முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், ரத்த அணுக்கள் குறைவதும் எதனால்? உடம்பில் இயல்பாகவே வேகமாகப் பிரிகிற நல்ல செல்களையும் அந்த மருந்து தாக்குவதால்தான். வேகம் மட்டுமே நோய் என்றால் குடலும் மஜ்ஜையும் முதலில் நோயாகியிருக்க வேண்டும்.

புற்றுச் செல்லிடம் இரண்டு கோளாறுகள் உண்டு. பிரியாதே என்று உடம்பு சொன்னாலும் அது கேட்பதில்லை; இது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது, பிரியும்போது தன் சொத்தைச் சரியாகப் பங்கு வைப்பதில்லை. பரவலைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவதுதான் சாவி. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பூண்டு வேரில் தெரிகிற காட்சி

செல் பிரிதலைக் காட்ட பாடப்புத்தகம் வெங்காய வேர் எடுக்கச் சொல்லும். எங்கள் பள்ளியில் மலைப்பூண்டுதான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு கொல்லையிலேயே விளையும்போது வெங்காயத்துக்கு எங்கே போவது? ஒரு பல்லை, அடிப்பாகம் மட்டும் நனைகிற மாதிரி தண்ணீர்ப் பாட்டில் வாயில் வைத்தால் மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர் இறங்கும். அதன் நுனியை வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் போதும்.

பெரும்பாலான செல்களுக்குள் ஒரு உருண்டை மட்டும் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில் அந்த உருண்டை கலைந்து, சிவந்த நூல் துண்டுகள் தெரியும். அவைதான் குரோமோசோம்கள்: உடம்பின் மரபுக் குறிப்பு முழுவதும் எழுதப்பட்ட டி.என்.ஏ. நூல், பிரியும் நேரத்தில் சுருண்டு கட்டியாகிற வடிவம். பூண்டுக்கு 16, மனிதனுக்கு 46. ஒரு செல்லில் இவை நடுவில் வரிசை கட்டி நிற்கும். இன்னொரு செல்லில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருக்கும். 1882இல் ஜெர்மனியின் வால்தர் ஃபிளெம்மிங் இந்த நிகழ்ச்சியை விரிவாக வரைந்து எழுதினார். நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘மைட்டாசிஸ்’ என்று அவர் வைத்த பெயரே நின்றுவிட்டது.

வருடா வருடம் பார்க்கிற காட்சிதான். இருந்தாலும் அந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மலைப்பாகவே இருக்கிறது. யாரும் மேய்க்காமலே எல்லாம் நடுக்கோட்டில் வந்து நிற்கின்றன.

பாகப்பிரிவினையும் பத்திரமும்

எப்படி வந்து நிற்கின்றன என்பதற்கு ஒரு பாகப்பிரிவினையை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 46 பத்திரங்கள். அண்ணன் தம்பி இருவரிடமும் எல்லாப் பத்திரமும் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, மூலத்தையும் நகலையும் குண்டூசியால் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறார்கள். இனி ஜோடிக்கு ஒரு தாள் இடப்பக்கம், ஒரு தாள் வலப்பக்கம் போக வேண்டும். கடைசியில் இரண்டு பேரிடமும் சரியாக 46. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தகராறு.

செல்லின் இரண்டு மூலையிலும் சென்ட்ரோசோம் என்கிற மையம் ஒவ்வொன்று இருக்கும். அண்ணனும் தம்பியும் நிற்கிற இடம் அதுதான். (பூண்டு போன்ற செடிகளுக்கு இந்த மையம் கிடையாது, வேறு வழியில் சமாளிக்கும். நமக்கு உண்டு.) அந்த மையங்களிலிருந்து கயிறுகள் புறப்பட்டு நடுப்பகுதியைத் துழாவும். கயிற்றின் பெயர் நுண்குழல். டியூபுலின் என்ற புரதத்தை மணி மணியாகக் கோத்துக் கட்டின உள்ளீடற்ற குழாய் அது. ஒரு மில்லிமீட்டரை 40,000 பங்காகப் போட்டால் ஒரு பங்குதான் அதன் தடிமன். ஒரு முனையில் நீளும், சுருங்கும், மறுபடி நீளும். இரண்டு மையங்களும் கயிறுகளும் சேர்ந்த மொத்த அமைப்புக்குக் கதிர்கோல் என்று பெயர். நூல் நூற்கிற கதிரைப் போல நடுவில் பருத்து முனைகளில் கூர்ந்திருப்பதால் வந்த பெயர்.

ஒவ்வொரு தாளிலும் கயிறு மாட்ட ஒரு கொக்கி உண்டு. அது கைனட்டோகோர். இடப்பக்கக் கயிறு ஒரு தாளின் கொக்கியையும், வலப்பக்கக் கயிறு அதன் ஜோடித் தாளின் கொக்கியையும் பிடித்தால் இரண்டு பக்கமும் இழுவை சமமாகி, ஜோடி நடுக்கோட்டில் நிற்கும். பூண்டு வேரில் நாம் பார்த்த வரிசை இந்த இழுவையால் உண்டானதுதான்.

குண்டூசியை எப்போது பிடுங்குவது? அதற்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 46 ஜோடியில் ஏதாவது ஒரு தாளில் கயிறு மாட்டாமல் இருந்தாலும் ‘பொறுங்கப்பா’ என்று கையைக் காட்டுவார். எல்லாத் தாளும் பிடிபட்ட பிறகுதான் சரி என்பார். உடனே எல்லாக் குண்டூசியும் ஒரே நேரத்தில் கழலும். இதைக் கதிர்கோல் சோதனைச்சாவடி என்பார்கள். இதற்கான மரபணுக்களை 1991இல் ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சையில் கண்டுபிடித்தார்கள். மாவு புளிக்க வைக்கிற அந்தச் சின்ன உயிரிலும் நம்மிலும் அடிப்படை ஒன்றேதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: குரோமோசோம்கள் நகலெடுக்கப்படும், கதிர்கோலின் கயிறுகள் அவற்றின் கொக்கிகளைப் பிடிக்கும், எல்லாம் பிடிபட்டதைச் சோதனைச்சாவடி உறுதி செய்த பிறகு ஜோடிகள் பிரியும்.

ஒரே தாளை இரண்டு பேர் பிடித்தால்

புற்றுச் செல்லில் இந்தப் பெரியவர் செத்துப்போயிருப்பார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பெரும்பாலான புற்றுநோய்களில் சோதனைச்சாவடி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கோளாறு அதற்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

பெரியவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: கயிறு மாட்டாத தாள் இருக்கிறதா? ஒரே தாளின் கொக்கியில் அண்ணன் கயிறும் தம்பி கயிறும் சேர்ந்து மாட்டியிருந்தால்? மாட்டியாகிவிட்டது என்பதால் அவர் சரி சொல்லிவிடுவார். குண்டூசி கழன்றதும் மற்றத் தாள்கள் போய்ச்சேர, இது மட்டும் இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் தங்கிவிடும். பின்தங்கும் குரோமோசோம் என்பது இதுதான். கடைசியில் தவறான பக்கம் போகலாம், கிழியலாம், எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனியே கிடக்கலாம்.

இந்த இரட்டைப் பிடி நல்ல செல்லிலும் அடிக்கடி நேரும். ஆனால் அங்கே கயிறுகளை ஓயாமல் தளர்த்தி, தவறான முடிச்சை அவிழ்த்துவிடுகிற புரதங்கள் இருக்கின்றன. கினசின்-13 என்ற குடும்பம் அவற்றில் முக்கியமானது. நிலைகுலைந்த புற்றுச் செல்களில் கயிறுகள் கொக்கியை அளவுக்கு மீறி இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அவிழ்ப்பதற்கு முன்பே நேரம் முடிந்துவிடுகிறது. எந்திரத்தில் எந்தப் பாகமும் காணாமல் போகவில்லை. பிடியின் இறுக்கம் மட்டும் மாறியிருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

நல்ல செல்லில் சுமார் நூறு பிரிதலுக்கு ஒரு தடவை ஒரு குரோமோசோம் தவறிப்போகும். நிலைகுலைந்த புற்றுச் செல்லில் ஐந்து பிரிதலுக்குள் ஒன்றாவது தவறும், சிலவற்றில் ஒவ்வொரு பிரிதலிலும். தவறு திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கிற இந்த நிலைக்குக் குரோமோசோம் நிலையின்மை என்று பெயர்.

தவறிப்போனால் நல்ல செல் என்ன செய்யும்? எண்ணிக்கை பிசகிய செல்லைப் பெரும்பாலும் மேற்கொண்டு பிரியவிடாமல் நிறுத்திவிடும். அந்தக் காவல்காரப் புரதம் பி53. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் அதன் மரபணு கெட்டுப்போயிருக்கிறது. பங்கு பிசகிய வீடு, தட்டிக் கேட்க ஆளில்லாமல் அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

மையம் மூன்றானால், சுவர் எழாவிட்டால்

தவறுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றை ஜெர்மானிய விஞ்ஞானி தியோடோர் பொவேரி நூறு வருடத்துக்கு முன்பே பார்த்தார். கடல் முள்ளெலி என்ற உயிரின் ஒரே முட்டையில் இரண்டு விந்தணு நுழைந்தால் சென்ட்ரோசோம்கள் கூடிப்போய், குரோமோசோம்கள் மூன்று நான்கு பக்கமாகச் சிதறின. அதிலிருந்து வந்த செல்கள் பெரும்பாலும் உருப்படவில்லை. புற்றுநோயும் இப்படிப் பிசகிய பங்கிலிருந்து பிறக்கலாம் என்று 1914இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்ற கணக்கே 1956இல்தான் உறுதியானது. அவர் எவ்வளவு முன்னால் நின்று யோசித்திருக்கிறார் பாருங்கள்.

பல புற்றுச் செல்களில் சென்ட்ரோசோம்கள் இரண்டுக்கு மேல் இருக்கின்றன. நான்கு மையம் நான்கு பக்கம் இழுத்தால் செல் பிழைக்காது. அதனால் அவை இரண்டிரண்டாகக் கூடி, இரண்டு பக்கம் மட்டும் இருப்பதுபோல ஒழுங்கு செய்துகொள்கின்றன. கூடி முடிப்பதற்குள் கயிறுகள் தாறுமாறாகச் சிக்கி, மேலே சொன்ன இரட்டைப் பிடிகள் பெருகிவிடும். 2009இல் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. 2014இல் இன்னொன்றும் தெரிந்தது. ஆய்வகத்தில் மார்பகச் செல்களுக்குக் கூடுதல் சென்ட்ரோசோம் வரவைத்தபோது, அவை தம் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் கால் நீட்டத் தொடங்கின. பிரிகிற எந்திரத்தில் நடந்த மாற்றம், நகர்கிற குணத்தைக் கொண்டுவந்தது.

இன்னொரு வழி, பாகம் பிரித்தபின் வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பாமல் போவது. இரண்டு பங்கும் ஒரே செல்லில் தங்கி, குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். பரவிய கட்டிகளிலிருந்து எடுத்த 2,520 மாதிரிகளின் டி.என்.ஏ.வை முழுக்கப் படித்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. அவற்றில் பாதிக்கும் மேல் இந்த இரட்டிப்பு எப்போதோ நடந்த தடயம் இருந்தது.

சுருக்கமாக: இறுகிய பிடி, கூடிப்போன மையம், எழாத சுவர். மூன்றும் பங்கு பிசக வைக்கும். பிசகிய செல் நிற்காமல் தொடர்ந்தால் கட்டிக்குள் ஒவ்வொரு செல்லும் வேறு வேறு பங்கோடு இருக்கும்.

வழிதவறிய துண்டு அடிக்கும் மணி

இனி பரவலுக்கு வருவோம். கட்டி தோன்றிய இடத்தை விட்டு, ரத்தத்திலோ நிணநீரிலோ பயணம் செய்து, வேறு உறுப்பில் போய்க் குடியேறுவதை மெட்டாஸ்டாசிஸ் என்கிறார்கள். ஸ்டேஜ் நாலு என்று டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதற்கென்றே ஒரு ‘பரவும் மரபணு’ இருக்கும் என்று ஆய்வாளர்கள் பல வருடம் தேடினார்கள். முதல் கட்டியையும் பரவிய கட்டியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், முக்கியமான மரபணுக் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. அப்படியானால் எது கிளப்பிவிட்டது?

ஒரு பதில் 2018இல் வந்தது. சாமுவேல் பாகூம், லூயிஸ் கேன்ட்லி ஆகியோரின் குழு, பரவும் தன்மை கொண்ட மனித மார்பகப் புற்றுச் செல்களை எலிகளில் வைத்துப் பார்த்தது. அந்தச் செல்களில் முடிச்சவிழ்க்கும் கினசின்-13 புரதத்தைக் கூட்டி, குரோமோசோம் தவறுவதை மட்டும் குறைத்தார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. பரவல் வெகுவாகக் குறைந்தது. தவறுகளைக் கூட்டினால் பரவலும் கூடியது.

இதன் உள்வேலை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடுவில் தங்கிப்போன குரோமோசோம், பெரிய உட்கருவில் சேராமல் தனக்கென்று ஒரு சின்ன உறையைக் கட்டிக்கொள்ளும். அதற்கு நுண்கரு என்று பெயர். அந்த உறை வலுவில்லாதது, எளிதில் கிழிந்துவிடும். கிழிந்தால் உள்ளே இருந்த டி.என்.ஏ. செல்லின் பொது இடத்தில் கொட்டும்.

செல்லுக்கு டி.என்.ஏ. இருக்க வேண்டிய இடம் உட்கருவும், ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவும் மட்டும்தான். பொது இடத்தில் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்: வைரஸ் நுழைந்துவிட்டது. தோட்டத்துக்குள் காட்டுமாடு இறங்கினால் தகரத்தைத் தட்டுவோமே, அதுபோல ஒரு மணி அடிக்கும். அந்த டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கிற புரதம் சிகாஸ், மணியடிக்கிற புரதம் ஸ்டிங். மணி கேட்டதும் நோயெதிர்ப்புப் படை ஓடிவந்து அந்தச் செல்லையே அழித்துவிட வேண்டும். அதுதான் முறை.

நிலைகுலைந்த புற்றுச் செல்லில் பிரிதலுக்குப் பிரிதல் துண்டு சிதறுவதால் மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. தினமும் தகரம் தட்டினால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எழுந்து வருவார்களா? அதேபோல இங்கே படையைக் கூப்பிடுகிற கிளை அமுங்கிப்போகிறது. மணியிலிருந்து போகிற இன்னொரு கிளை மட்டும் விழித்திருக்கிறது. செல்லை ஒட்டிய இடத்திலிருந்து கழற்றி, நகரவும் ஊடுருவவும் தூண்டுகிற கிளை அது. செல்லைக் காட்டிக்கொடுக்க வேண்டிய மணி, அதை வழியனுப்பும் மணியாகிவிட்டது.

தம்பியின் கடைசிக் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. அந்தச் செல்லைக் கிளப்பியது வேகம் இல்லை, பிரியும்போது சிதறிய துண்டுகள். எல்லாப் புற்றுநோயிலும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, வேறு வழிகளும் இருக்கின்றன. குரோமோசோம் தவறினால் பரவியே தீரும் என்றும் இல்லை. பெரும்பாலான பிசகுகள் செல்லைப் பலவீனமாக்கும் அல்லது கொன்றுவிடும். ஆயிரக்கணக்கான பிசகுகளில் பயணத்துக்கு ஒத்துவருகிற ஒன்றிரண்டு தேறுகின்றன, அவ்வளவுதான்.

நம் ஊர் செடிகளும் அந்தக் கயிறும்

இந்த மலையடிவாரத்துக்கும் செல்லின் கயிற்றுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிராவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மாநில மலரான செங்காந்தள் அதுதான். அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின், டியூபுலின் மணிகளைப் பிடித்துக்கொண்டு கயிறு கோக்க விடாது. குரோமோசோம்கள் பிரிய முடியாமல் அப்படியே நிற்கும். ஜோ ஹின் டியோவும் ஆல்பர்ட் லெவனும் ஸ்வீடனில் மனிதக் குரோமோசோம்களை 46 என்று எண்ணியது, கோல்ச்சிசின் போட்டு நிறுத்திவைத்த செல்களில்தான். அதுவரை 48 என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் பூக்கிற நித்யகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினும் கயிறு கோப்பதைத் தடுக்கும். 1963இலிருந்து அது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. யூ என்ற குளிர்நாட்டு மரப்பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்செல் நேர் எதிர், கயிற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடும். இதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். மார்பகப் புற்றுநோய்க்கு இன்றும் தருகிறார்கள். கட்டிக்குள் அது செல்லை நிறுத்துவதைவிட, மூன்று நான்கு பக்கமாகப் பிரியவைத்துப் பங்கைத் தாங்க முடியாத அளவுக்குக் குலைத்துக் கொல்கிறது என்று 2014இல் ஒரு ஆய்வு சொன்னது. கொஞ்சம் பிசகினால் தேறுகிற செல், அளவுக்கு மீறிப் பிசகினால் தேறாது.

இங்கே ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கண்வலிக்கிழங்கு கொடிய விஷம், அதைத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். நித்யகல்யாணியைக் கஷாயம் வைத்துக் குடிப்பதும் மருந்தாகாது. டன் கணக்கில் இலையைப் பிழிந்து கொஞ்சமாக எடுத்து, மில்லிகிராம் அளந்து நரம்பில் ஏற்றுவதுதான் மருந்து. தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

சீகை விதை மாதிரி

ஆறு வருடம் எங்கே இருந்தது? இதற்கு எங்கள் மலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. சீகை என்றும் வாட்டில் என்றும் சொல்கிற மரத்தை வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். பிறகு அது பழனி மலையின் புல்வெளிகளையும் சோலை ஓரங்களையும் விழுங்கியது. மரத்தை வெட்டி வண்டியேற்றி அனுப்பினாலும் மண்ணுக்குள் விதை பல பத்தாண்டுகள் முளைக்காமல் கிடக்கும். தீ பட்டாலோ மண் கிளறப்பட்டாலோ ஒன்றாக முளைக்கும்.

புற்றுநோயை விதையோடும் மண்ணோடும் ஒப்பிட்டது நான் முதலில் இல்லை. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, 1889இலேயே ஸ்டீபன் பேஜட் என்ற லண்டன் மருத்துவர் இதை எழுதினார். விதை எல்லாப் பக்கமும் போகலாம், ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்றார். பயணத்திலேயே பெரும்பாலான செல்கள் செத்துவிடுகின்றன. எலிகளில் செய்த சோதனைகளில் ஆயிரத்தில் ஒன்று தேறுவதே அரிதாக இருந்தது.

தேறிய செல்லும் உடனே பெருகுவதில்லை. ஊடுருவுகிற செல்லும் பிரிகிற செல்லும் ஒரே நுண்குழல்களைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரே கயிற்றால் ஏர் பூட்டவும் கூரை கட்டவும் ஒரே நேரத்தில் முடியாது. பல செல்கள் நகரும் காலத்தில் பிரிவதை நிறுத்திவைக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் போய்ச் சேர்ந்தபின் வருடக்கணக்கில் பிரியாமல் தூங்கவும் செய்கின்றன. ஹார்மோனை நம்பி வளரும் மார்பகப் புற்றுநோய் பத்துப் பதினைந்து வருடம் கழித்துக்கூடத் தலை காட்டுவதற்கு இதுவே காரணம். பிரிகிற கயிற்றைக் குறிவைக்கும் ஊசிக்கு, பிரியாமல் தூங்குகிற செல் அகப்படாது. ஆபரேஷன் முடிந்து எல்லாம் சரியான பிறகும் ஐந்து வருடம், பத்து வருடம் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுப்பது இந்தத் தூங்குகிற விதைகளை மனதில் வைத்துத்தான். ‘நல்லாத்தானே இருக்கோம்’ என்று நடுவில் நிறுத்துகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மீண்டும் மருந்துச் சீட்டு

எலும்புக்கு ஏன் மார்பக மருந்து என்று தம்பிக்கு இப்படிச் சொன்னேன். பூம்பாறைப் பூண்டை வத்தலக்குண்டில் கொண்டுபோய் நட்டால் முளைப்பது பூண்டுதான், அந்த ஊர் நெல்லாகிவிடாது. அக்காவின் எலும்பில் இருப்பது மார்பகச் செல். அது எலும்புப் புற்றுநோய் இல்லை. அதனால் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தே அதற்கும்.

“அப்போ மறுபடி எதுக்கு சார் குத்திப் பார்க்கணும்? அதே செல்தானே?”

அதே செல்தான், ஆனால் அதே பங்கு இல்லை. ஆறு வருடத்துக்கு முன் கிளம்பியபோது இருந்த குரோமோசோம் கணக்கு, எத்தனையோ பிரிதல்களில் பிசகி இன்று வேறாக இருக்கலாம். முன்பு ஹார்மோனுக்கு இணங்கிய கட்டி இப்போது இணங்காமல் போயிருக்கலாம். முன்பு இல்லாத ஒரு அடையாளம் அந்தச் செல்களில் இப்போது வந்திருக்கலாம், அதற்கென்றே தனி மருந்தும் இருக்கலாம். பழைய ரிப்போர்ட்டை வைத்து மருந்தை முடிவு செய்வது, பாகம் பிரித்த பிறகும் பழைய பட்டாவை வைத்து நிலத்தை அளப்பது மாதிரி. ஊசி குத்திய வழியில் செல் பரவுவது மிக மிக அரிது. குத்தாமல் தவறான மருந்தில் மாதங்கள் போவதுதான் பெரிய நஷ்டம்.

அவர் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஸ்கேன் கவரில் அதை மடித்து வைத்துக்கொண்டு, “அக்காகிட்ட நீங்களே ஒருதடவை சொல்லிடுங்க சார், நான் சொன்னா அழும்” என்றார். போய்ச் சொன்னேன். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அந்தப் பத்திரக் கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

போன திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மதுரை போய்ச் சதை கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் என்று எழுதிக் கொடுத்த மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா போட்டுக்கொள்கிறார்.